தலைவர் வரும்வரை பாப்பா

1

நான் இருக்கும் பெர்கன், நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும். மீதி நாள் மழை வரும்போல இருக்கும். இங்கே தேர்தல் வந்தால் ஊர் நடுச்சதுக்கத்தில் வரிசையாகச் சின்ன மரக்கடைகள் போடுவார்கள், நம் ஊர்த் திருவிழாவில் வளையல் கடை போடுகிற மாதிரி. கடைக்கு ஒரு கட்சி. உள்ளே காபி, பிஸ்கட், துண்டுப் பிரசுரம். இந்தக் கட்சிக்காரனிடம் பால் தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கட்சிக்காரனிடம் போய் வாங்கிக்கொள்வான். நானும் வந்த நாளாகப் பார்க்கிறேன். ஆனாலும் தேர்தல் மாதத்தில் அந்தச் சதுக்கத்துக்குள் கால் வைப்பதில்லை. மீன் வாங்கப் போனால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

போன சனிக்கிழமை மகள் அமுதா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூட அவள் கணவன் எரிக், தள்ளுவண்டியில் பேத்தி. என்னை வண்டியோடு ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகள் ஒரு கடைக்குப் போனாள், மருமகன் வேறொரு கடைக்குப் போனான். இரண்டு பேரும் ஓட்டுப் போடுவது வெவ்வேறு கட்சிக்கு. அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் சிரிக்கும்போது நான் தண்ணீர் கொண்டுவர எழுந்துவிடுவேன்.

திரும்பி வந்தபோது ஆளுக்கொரு பலூன் கொண்டுவந்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், அவரவர் கட்சி நிறம். இரண்டையும் வண்டியின் கைப்பிடியில் கட்டினார்கள். கீழே குழந்தை கண்ணை விரித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து இரண்டு நூலையும் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். பலூன்கள் போய்விட்டன. சதுக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாக யாரையும் திரும்பிப் பார்ப்பவர்கள் இல்லை.

“அம்மா! உனக்கு என்ன ஆச்சு? பலூன்மா அது!” என்றாள் அமுதா.

“பாப்பா மேல எந்தக் கொடியும் கட்டக்கூடாது” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

குழந்தைக்கு அன்றைக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. இந்த நாட்டில் பெயர் வைக்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் வைக்காவிட்டால் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அமுதாவும் எரிக்கும் நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். “அவசரம் இல்லைம்மா, ஆறு மாசம் இருக்கு” என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் நாட்காட்டியில் நாளை எண்ணுவேன். அதுவரை நான் பாப்பா என்று கூப்பிட்டேன். பேருந்தில் அப்படிக் கூப்பிட்டால் சனங்கள் சிரிப்பார்கள். இவர்கள் மொழியில் அது அப்பாவைக் கூப்பிடுகிற சொல். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அமுதாவுக்கு அன்றுவரை தெரியாதது ஒன்று உண்டு. எனக்கு இரண்டு பெண்கள். அவள் இளையவள்.

2

இதில் கட்சிகளின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். எனக்கு நம் ஆட்களைத் தெரியும். தலைவர்களின் பெயரையும் எழுதமாட்டேன். அவர்கள் என் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அப்படி ஒரு பிள்ளை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

நான் பிறந்தது திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூரில். அப்பா பெயர் மண்ணாங்கட்டி, அம்மா பெயர் குப்பு. இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். பெயர் அசிங்கமாக இருந்தால் எமன் தொடமாட்டான் என்று வைத்த பெயர்கள் அவை. நிலத்துக்காரர் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அப்பா முதுகை வளைத்துக்கொண்டு ஓடுவார். அண்ணன் ஏகாம்பரத்துக்கு அதைப் பார்த்தால் ஆகாது. “நம்ப பேர கேட்டாலே அவனுங்க கால்ல வுழுந்த மாதிரி இருக்குதுடி” என்பான்.

அறுபதுகளில் கட்சி எங்கள் தெருவுக்கு வந்தது. நீங்கள் இன்றைக்குக் கட்சி என்று எதை நினைக்கிறீர்களோ, அது வேறு. அன்றைக்கு மேடையில் பேசியவர்கள் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார்கள். கூட்டத்தில் அப்பாவுக்கு உட்கார மடக்கு நாற்காலி கிடைத்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வெள்ளை வேட்டி அவரை ‘ஐயா’ என்றது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை எத்தனை தரம் சொன்னார்! ஓட்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு புதுவாயலுக்குக் குடிவந்தோம். கல்கத்தா ரோட்டில் லாரிகள் நின்று போகும் கூட்டுரோடு. வயல்வேலையை விட்டு இரும்புவேலைக்கு வந்தவர்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் கஜேந்திரன். அண்ணனும் அவரும் ஒரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போவார்கள். ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஒரு தேர்தலில் கட்சி ஜெயித்த அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து ரோட்டில் உருண்டு அழுததைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அண்ணன் என்னிடம் கேட்டான்:

“கஜேந்திரன் இன்னா சொல்றான்னா, உன்னிய கட்டிக்கிறானாம். ஐயரு கெடையாது, மேளம் கெடையாது. கட்சிக் கல்யாணம். இன்னா சொல்ற வசந்தா?”

“மைக்செட் உண்டா?” என்று கேட்டேன்.

உண்டு. பந்தல் முழுக்கக் கொடி. தாலி எடுத்துக் கொடுத்தது ஒன்றியச் செயலாளர். எங்கள் இருவரையும் மறந்துவிட்டு அரசாங்கத்தின் அரிசிக் கொள்கையைப் பற்றி அவர் பேசிய பேச்சு முடிவதற்குள் மாலை வாடிவிட்டது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு யாராவது என்னிடம் இந்தக் கட்சி உடையும் என்று சொல்லியிருந்தால், புதுவாயல் ரோடு எழுந்து நடக்கும் என்பதைப் போலத்தான் கேட்டிருப்பேன்.

3

பிள்ளைக்குத் தலைவர் பெயர் வைக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் மாதிரிக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. தலைவர் வருகிற கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே குழந்தை கைமாறிக் கைமாறி மேடைக்குப் போகும். தலைவர் மைக்கில் ஒரு நல்ல தமிழ்ப் பெயரைச் சொல்லுவார். ஊரே கை தட்டும். மண்ணாங்கட்டிக்கும் குப்புவுக்கும் பேரப்பிள்ளை பிறந்தால், அதன் பெயர் முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டதில் என்ன தப்பு? இன்றைக்கும் எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

நான் உண்டாகியிருந்தபோதே மாமனும் மச்சானும் பேசி முடித்துவிட்டார்கள். தலைவர் பொன்னேரிப் பக்கம் வரும்போது பெயர். தாய்மாமன் மடியில் வைத்து, தலைவர் வாயால். அதற்குமுன் வேறு யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடக்கூடாது. மைக்கில் வருவதுதான் முதல் பெயராக இருக்க வேண்டும்.

பெண் பிறந்தாள். தலை நிறைய முடி. அண்ணன் அவளைப் பார்க்க வந்தவன், தொழிற்சாலைக் கரி போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி அவள் உள்ளங்கையைத் தொட்டான். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா பிடி பிடிக்குது பாரு மச்சான். இது யூனியன்ல சேந்துரும்டா” என்றான்.

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

கூட்டம் ஒருமுறை தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. “வந்துக்கினே கீறாரு” என்று தினம் ஒருவர் சொல்லுவார். அதுவரைக்கும் பாப்பா.

எனக்கென்று மனசுக்குள் ஒரு பெயர் இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. எல்லோரையும்போல நானும் மைக்குக்காகத்தான் காத்திருந்தேன்.

4

பிறகு கட்சி இரண்டாக உடைந்தது.

ரேடியோவில் கேட்டபோது சென்னையில் யாரோ பெரியவர்களுக்குள் சண்டை என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்கள். தொழிற்சாலை வாசலில் இருந்த கொடிக்கம்பத்துக்கு எதிரே இன்னொரு கம்பம் நட்டிருந்தார்கள். யாருடையது உயரம் என்பதில் அடிதடி. அண்ணன் பழைய கம்பத்தின் கீழே நின்றான். என் வீட்டுக்காரர் புதுக்கம்பத்தின் கீழே நின்றார்.

அதற்குப் பிறகு புதுவாயல் கூட்டுரோடு கண்ணுக்கு முன்னால் பிளந்தது. ஒரு டீக்கடை இரண்டு டீக்கடை ஆனது. முடி வெட்டுகிறவர் யாருக்கு வெட்டுகிறார் என்று பார்த்தார்கள். நாஷ்டா கடைக்காரர் இரண்டு தலைவர் படத்தையும் மாட்டினார். இரண்டு கட்சிக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் இரண்டையும் கழற்றிவிட்டு முருகர் படம் மாட்டினார். பாவம், முருகருக்கு எந்தப் பக்கம் ஓட்டு என்று கேட்டார்கள்.

கூலிக்காரனை ஐயா என்று கூப்பிட்ட அதே கட்சிதான். எங்களுக்கு அது கருத்தாக இருந்திருந்தால் கருத்து வேறுபாடு வந்திருக்கும். அது எங்களுக்கு மானமாக இருந்தது. ஒருவன் மாறிப் போனால் அடுத்தவன் மானத்தைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு காலம் யோசித்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். இதையும் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன்.

என் வீட்டில் முதலில் போனது ‘மச்சான்’ என்கிற சொல். அவர் “உன் அண்ணன்” என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் “உன் ஊட்டுக்காரரு” என்றான். பிறகு இரண்டு பேருக்கும் ஒருவர் பேர் ஒருவர் வாயில் வரவில்லை. நடுவில் நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“எங்க தலைவரு அடுத்த மாசம் கும்மிடிப்பூண்டிக்கு வராரு. பாப்பாவுக்கு அவருதான் பேரு வெப்பாரு” என்றார் அவர்.

“தாய்மாமன் மடி வேணாமா?” என்றேன்.

“மடி வேணும்னா அவன இந்தப் பக்கம் வரச் சொல்லுமே.”

அண்ணன் வீட்டுக்குப் போனேன். பத்து வீடு தள்ளி. அவன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை அவனைப் பார்த்ததும் தாவியது. அவன் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வசந்தா, துரோகி கூட்டத்துல பேரு வெச்சா அந்தப் பேர நான் கூப்ட மாட்டேன். நம்ப தலைவரு வெச்ச பேருன்னா சொல்லு, நான் மாமன். இல்லன்னா நான் யாரோ.”

“ரெண்டு பேரும் வேணாம். நானே ஒரு பேரு வெச்சிக்கிறேன். போங்கடா.”

“வெய்யி. யாரு கூப்டுவா?” என்றான்.

யார் கூப்பிடுவார்? அவன் கேட்டது சரிதான். ஒரு பெயரை ஒரு ஆள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது பெயர் ஆகுமா? வீட்டுக்கு வந்து அவளைத் தூளியில் போட்டு, பாப்பா பாப்பா என்று ஆட்டினேன். அவள் அதற்கே சிரித்தாள்.

5

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கல்கத்தா ரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம், நல்ல மனிதர். அவருடைய முன்னறையில் பெஞ்சு போட்டிருக்கும். கம்பவுண்டர் ஒரு சின்ன சன்னல் வழியாக மருந்து கொடுப்பார். அந்தக் காலத்து மிக்சர் பாட்டில். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருக்கும்.

அன்று கூட்டம். என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் ஒரு குழந்தை. அதற்குப் பேதி என்றாள். இரண்டு குழந்தைகளையும் ஒன்றாகப் போர்த்தி வைத்துக்கொண்டோம், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று. காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

உள்ளிருந்து “பாப்பா!” என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

“உங்குளுதுக்கும் பேரு வெக்கலியாக்கா?” என்றாள்.

“இன்னும் இல்ல. தலைவரு வரணும்.”

“எங்க ஊட்லயும் அதே பேஜாருதான். வருவாரு வருவாருன்னு சொல்லிக்கினே கீறாங்க.” பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “எந்தத் தலைவருக்கா?” என்று கேட்டாள்.

சொன்னேன். என் வீட்டுக்காரரின் தலைவரைத்தான் சொன்னேன்.

அவள் முகம் மூடிக்கொண்டது. கோபம் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்துகிற மாதிரி. குழந்தையை எடுத்துக்கொண்டாள், போர்வையை என் பக்கம் தள்ளினாள், எதிர்ப் பெஞ்சுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் கொடுத்த ரொட்டி என் கையில் இருந்தது. அதைத் தின்னவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார், ஆளுக்கொரு சீட்டு எழுதினார். கொஞ்ச நேரத்தில் சன்னலில் இரண்டு பாட்டில்கள் வந்தன. கம்பவுண்டர் “பாப்பாக்கு மருந்து வாங்கிக்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டார். அவள் விறுவிறுவென்று வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். மீதி இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டு இருந்திருந்தால், “உன்னுது பேதிக்கா, என்னுது காய்ச்சலுக்கா” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்போம். கேட்காமல் இருப்பார்களா இரண்டு தாய்கள்? கம்பவுண்டரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டியிருப்போம்.

மருந்து மாறவில்லை என்றுதான் புத்தி சொல்கிறது. அந்த மழையில் காய்ச்சலில் போன பிள்ளைகள் நிறைய. சரியான மருந்து குடித்தும் போயிருக்கும். ஆனால் பாட்டிலை வீட்டில் திறந்தபோது அடித்த வாசனை, போன தடவை காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தின் வாசனையாக இல்லை. இங்கே, இந்தக் குளிர் ஊரில், மருந்துக் கடையில் யாராவது ஒரு பாட்டிலின் மூடியைத் திருகினால் அது என் மூக்குக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் பிள்ளை பிழைத்ததா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. யார் என்று கேட்டு விசாரிப்பேன்? அதற்கும் பெயர் பாப்பாதான்.

6

விடியும்போது போய்விட்டாள்.

சின்னக் குழந்தை என்பதால் மேளம், தப்பட்டை எதுவும் இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைப் புதைக்கிற மேட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. வீட்டில் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வந்தவர்கள் வாயைத் திறந்துவிட்டுத் தடுமாறினார்கள். பெயரைச் சொல்லித்தானே அழ ஆரம்பிப்பது? என் அம்மா குப்பு மட்டும் “என் தங்கமே” என்று எதையோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் அசிங்கமான பெயர்களோடு எமனுக்குத் தப்பி முதுமைக்கு வந்தவர்கள். என் பிள்ளைக்கு அந்தக் காவல்கூட இல்லை.

இரண்டு கட்சிக்காரர்களும் துக்கத்துக்கு வந்தார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல். ஆளுக்கொரு மாலை. எது முதலில் என்று மெல்லிய குரலில் ஏதோ பேச்சு நடந்தது. நான் கேட்கவில்லை.

அன்றைக்கே தலையாரி வந்தார். கிராம முன்சீப்பிடம் பிறப்பு இறப்பு சொல்லுகிறவர் அவர்தான். வாசலில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“முன்சீப்பு எய்திக்கினு வரச் சொன்னாரும்மா. கொயந்த பேரு இன்னா?”

வாசலுக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். இன்னொரு பக்கம் அண்ணன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“வெற்றிச்செல்வி” என்றார் அவர்.

“தமிழ்க்கொடி” என்றான் அண்ணன்.

இரண்டும் நல்ல பெயர்கள். இரண்டையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அப்புறம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் புதைத்த மண் அவர்கள் கால்விரல் இடுக்கில் இன்னும் இருந்தது. அதோடு நின்று முறைத்துக்கொண்டார்கள். தலையாரி என்னைப் பார்த்தார்.

“பேரு வெக்கல” என்றேன்.

“பேரு இல்லாம எப்டிம்மா…” என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “செரி. பொம்பளக் கொயந்தன்னு எய்திக்கச் சொல்றேன்” என்று போய்விட்டார்.

7

என் வீட்டுக்காரரும் அண்ணனும் அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் கட்சியையும் விட்டுவிட்டார், ஊரையும் விட்டுவிட்டார். துறைமுகத்தில் யாரையோ பிடித்து, நோர்வேக்காரன் கப்பலில் வெல்டராக ஏறினார். கொஞ்ச வருடம் கழித்துக் கரையிலேயே கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். இந்த மழையில் வந்து இறங்கினேன்.

அமுதா இங்கே பிறந்தாள். வலி வந்தபோது அவர் பட்டறையில் இருந்தார். தாதி குழந்தையைத் தூக்கிக் காட்டியதுமே “அமுதா” என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு ஏதோ வலி என்று நினைத்து டாக்டரைக் கூட்டிவந்துவிட்டாள். தொப்புள்கொடி வெட்டுவதற்குள் பெயர் வைத்துவிட்ட ஒரே தாய் அந்த ஆஸ்பத்திரியில் நானாகத்தான் இருப்பேன். அவர் வந்து பெயரைக் கேட்டார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். ஏன் கேட்காமல் வைத்தாய் என்று இன்றுவரை கேட்டதில்லை.

பலூன் பறந்த அன்று சாயந்திரம் அமுதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய தமிழ் இப்போது பாதி நோர்வே மொழி. சில இடங்களில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். ‘தாய்மாமன் மடி’ என்பதை அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. ‘துரோகி’ உடனே புரிந்தது.

“அக்கா பேரு என்ன?” என்று கடைசியில் கேட்டாள்.

“வெக்கலன்னு சொன்னேனே.”

“இல்லம்மா, நீ மனசுல என்ன கூப்டுவ?”

“பாப்பா.”

அவள் தன் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே எரிக்கிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லுவது கேட்டது. மறுநாளே பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். பேத்திக்கு இப்போது பெயர் இருக்கிறது. மகளும் மருமகனும் தேர்தலில் வேறு வேறு கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஒரே தட்டில் பாதி பாதி கேக் சாப்பிட்டார்கள். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

8

இதை இத்தோடு முடித்திருப்பேன். நேற்று அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

வருடம் ஒருமுறை பொங்கலுக்கு நான்தான் கூப்பிடுவேன். நான் பேசும்போது என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்விடுவார். அவனாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பேத்தி பிறந்ததைக் கடிதத்தில் எழுதி, எண்ணையும் கொடுத்திருந்தேன். புதுவாயல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். பின்னால் லாரிகள் இரைந்தன.

“பேத்திக்குப் பேரு வெச்சாச்சா?” என்றான் எடுத்த எடுப்பில்.

“வெச்சாச்சுண்ணே.”

“அதான். அதான் கேட்டேன்.” மூச்சு வாங்கினான். “வசந்தா, ஒனக்கு ஒரு விசயம் சொல்லல. ஏரிக்கரையாண்ட அந்த மேடு கீதே… நான் வருசா வருசம் போவேன். அவ போன நாளைக்கு. ஒரு பால் டம்ளர் வெச்சிட்டு வந்துருவேன். யாராண்டையும் சொன்னதில்ல. கட்சிக்காரனுங்க கேட்டா இன்னான்னு சொல்றது?”

நான் ஊருக்குப் போன இரண்டு தடவையும் இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இப்ப அந்த நெலத்த எல்லாம் கம்பெனிக்கு எடுத்துட்டாங்க. மேடு காம்பவுண்டு சுவத்துக்குள்ள பூட்ச்சி. இந்த வருசம் போனேன், கேட்டுல வாட்ச்மேன் உட மாட்டேன்றான். நல்ல பையன்தான். யாரப் பாக்கணும், பேரு சொல்லு, உள்ள கேட்டு அனுப்பறேன்றான்.” லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தினான். “இன்னா பேரு சொல்றது வசந்தா? நின்னுட்டு வந்துட்டேன். அடுத்த வாட்டி போனா இன்னா பேரு சொல்லட்டும்?”

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மாடிக்குப் போகவில்லை. படிக்கட்டின் பாதியில் நின்றிருந்தார். சத்தமான தொலைபேசி இது; எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. இறங்கி வந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

“மச்சான்” என்றார்.

அந்தப் பக்கம் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அழுகைதான் கேட்டது. இந்த முறை இரண்டு பேரும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. அவர் தொலைபேசியை நீட்டியபடி என் முகத்தையே பார்த்தார். அந்தப் பக்கம் அண்ணன் காத்திருந்தான். நான் சொல்வதற்காக அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

எவ்வளவோ தேடிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒன்றாவது வந்திருக்கக்கூடாதா? வரவில்லை.

“பாப்பாவப் பாக்க வந்திருக்கேன்னு சொல்லுண்ணே” என்றேன்.